ஒரு பெரிய எழுத்தும் காணாமல்போன அளவீடுகளும்: எச்டிடிபி குறிச்சொல் ஒப்பீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைகளில் பொருத்தப்பட்ட வெப்பநிலை அளவிகள் அனுப்பும் தரவைப் பெற்றுச் சேமிக்கும் சேவை ஒன்றில் இது நடந்தது. அந்தச் சேவையைப் பராமரித்த குழுவில் நானும் இருந்தேன். தொடர்புடைய நிறுவனங்கள், ஆட்கள் எவருடைய பெயரும் இங்கே இல்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், எங்கள் தவறுகள் உட்பட.

அமைப்பு சிக்கலானதல்ல. ஒவ்வொரு அளவியும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எச்டிடிபி 1.1 என்ற இணைய நெறிமுறை வழியாக ஒரு போஸ்ட் (தரவு அனுப்பும்) கோரிக்கை அனுப்பும். அதை முதலில் வாங்குவது ஒரு ப்ராக்ஸி, அதாவது கோரிக்கைகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் இடையாள். அதன் பின்னால் எங்கள் சர்வர். ப்ராக்ஸி சில இணைப்புகளை சர்வருடன் எப்போதும் திறந்தே வைத்திருக்கும். எல்லா அளவிகளின் கோரிக்கைகளும் அந்தச் சில இணைப்புகளின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே இணைப்பில் இப்போது ஒரு அளவி, அடுத்த கணம் வேறொரு அளவி. இந்தப் பகிர்வை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

அளவி தன் கோரிக்கையைத் தொடங்கும்போது மொத்தம் எத்தனை பைட் அனுப்பப்போகிறோம் என்பது அதற்கே தெரியாது. அதனால் கோரிக்கையின் உள்ளடக்கத்தை, அதாவது உடலை, துண்டு துண்டாக அனுப்பும். அப்படி அனுப்புவதை டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் என்ற ஹெடரில் (உடலுக்கு முன்னால் வரும் தலைப்பு வரியில்) 'சங்க்ட்' என்ற சொல்லால் அறிவிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் பதினாறடிமான எண்ணாக (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டு) தனி வரியில் வரும். 512 பைட் நீளமுள்ள துண்டுக்கு முன்னால் 200 என்று இருக்கும். நீளம் 0 என்று ஒரு வரி வந்தால் உடல் முடிந்தது.

எங்கள் சர்வரில் எச்டிடிபியைப் பிரித்துப் படிக்கும் பகுதி பொதுவான லைப்ரரி அல்ல. நினைவகம் குறைவாக இருந்த பழைய இயந்திரங்களுக்காகக் குழுவில் முன்பு இருந்த ஒருவர் கையால் எழுதியது. பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடியது. சிக்கலின்றி ஓடியதாலேயே அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. புதிய அளவீடு எதுவும் இல்லாத நேரத்தில் அளவி வெற்று உடலுடன் ஒரு போஸ்ட் அனுப்பும். 'நான் இயங்கிக்கொண்டிருக்கிறேன்' என்பது அதன் பொருள். சர்வர் அதைக் குறித்துக்கொண்டு 204 (வெற்றி, திருப்பித் தர எதுவுமில்லை) என்று பதில் தரும். அளவி நின்றுபோனால் எழ வேண்டிய எச்சரிக்கை இந்தக் குறிப்பை நம்பியே வேலை செய்தது.

முதல் அறிகுறிகள்

அளவியைத் தயாரிப்பவர்கள் அதனுள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய பதிப்பைப் படிப்படியாக ஏற்றத் தொடங்கினார்கள். எங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தார்கள். அடுத்த சில நாட்களில் இரண்டு புகார்கள் வந்தன.

முதலாவது, சில அளவிகளுக்கு அவ்வப்போது 400 பிழை (கோரிக்கை தவறானது என்ற பதில்) கிடைப்பது. வியப்பு என்னவென்றால், அந்த அளவிகள் எல்லாம் பழைய ஃபர்ம்வேரில் இருந்தவை. அவற்றில் எதுவும் மாறவில்லை. பிழை ஒரு ஒழுங்கிலும் வரவில்லை. போக்குவரத்து அதிகமான நேரத்தில் கூடியது, இரவில் கிட்டத்தட்ட மறைந்தது.

இரண்டாவது, ஒரு வாடிக்கையாளரின் கேள்வி: 'எங்கள் அறையின் வரைபடத்தில் ஒருநாள் முழுக்க இடைவெளி இருக்கிறது, ஆனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லையே?' அந்த அறையின் அளவி புதிய ஃபர்ம்வேரில் இருந்தது. லாக்கில் (சர்வரின் நடப்புப் பதிவில்) அதன் கோரிக்கைகள் எல்லாமே வெற்றி.

ஒன்றில் பிழை இருந்தது, தரவு கெடவில்லை, ஏனெனில் பழைய அளவி மறுபடியும் அனுப்பிவிடும். மற்றொன்றில் பிழையே இல்லை, தரவு மட்டும் போயிருந்தது. இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு டிக்கெட்டாக (புகார்ப் பதிவாக) போயின. இரண்டையும் ஒருவரே பார்த்திருந்தால் கண்டுபிடிப்பு இரண்டு நாள் முன்னதாக வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

தவறான தடங்கள்

400 பிழை வரும் ஒவ்வொரு முறையும் சர்வர் லாக்கில் ஒரு வரி இருந்தது: 'அறியாத முறை: 200'. முறை என்பது கோரிக்கையின் முதல் சொல், கெட் அல்லது போஸ்ட் போன்றது. அந்த இடத்தில் 200 ஏன் வருகிறது? எச்டிடிபியில் 200 என்றால் எல்லோருக்கும் உடனே தோன்றுவது வெற்றிக்கான பதில் எண். ஆகவே லாக் எழுதும் பகுதி பதிலையும் கோரிக்கையையும் குழப்பிக்கொள்கிறது என்று முடிவு செய்து அரை நாளை அங்கே செலவிட்டோம். அது ஒரு துண்டின் நீளமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எண் 1000 என்றோ 80 என்றோ இருந்திருந்தால் ஒருவேளை தோன்றியிருக்கும்.

அடுத்து ஃபர்ம்வேரைச் சந்தேகித்தோம். பழைய அளவியின் ஒரு கோரிக்கையையும் புதிய அளவியின் ஒரு கோரிக்கையையும் லாக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹெடர் வரிகள் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருந்தன. 'ஃபர்ம்வேரில் மாற்றமில்லை' என்று எழுதி அந்தக் கிளையை மூடினோம்.

அந்த முடிவு தவறு. லாக்கைச் சேகரிக்கும் பகுதி, தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, எல்லா ஹெடர் மதிப்புகளையும் சிறிய எழுத்துக்கு மாற்றிச் சேமித்துக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ நல்லெண்ணத்துடன் செய்த ஒரு மாற்றம். நாங்கள் ஒப்பிட்டது அளவி அனுப்பியதை அல்ல. எங்கள் கருவி திருத்தி எழுதிய நகலை. இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். சர்வரில் இருந்த பிழை ஓர் எழுத்து ஒப்பீடு. லாக்கில் இருந்தது அந்தப் பிழையைக் காணவே முடியாதபடி செய்த திரை.

பைட்டுகளில் தெரிந்தது

மூன்றாம் நாள், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவே பேக்கெட்டுகளைப் பிடித்து, பைட்டுகளை எண்களாகவே பார்த்தார். பழைய அளவி அனுப்பிய 'சங்க்ட்' என்ற சொல்:

99 104 117 110 107 101 100

புதிய அளவி அனுப்பியது:

67 104 117 110 107 101 100

வேறுபாடு முதல் பைட்டில் மட்டும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் சிறிய 'சி' 99, பெரிய 'சி' 67. புதிய ஃபர்ம்வேர் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தது. எங்கள் சர்வரோ அதை சிறிய எழுத்துச் சொல்லுடன் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டது.

தமிழ் எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பாகுபாடு கிடையாது. ஒரு சொல்லை இரண்டு உருவில் எழுதலாம், இரண்டும் ஒன்றா வேறா என்பதை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது நம் எழுத்துக்குள் எழாத கேள்வி. ரோமன் எழுத்தை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களுக்கு இது மிகப் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதால் அவர்களும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு நிகழ்வுச் சங்கிலி தெளிவாகியது. புதிய அளவியின் கோரிக்கை வருகிறது. சர்வர் டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் மதிப்பைப் பார்க்கிறது, தனக்குத் தெரிந்த சொல்லுடன் பொருந்தவில்லை, ஆகவே அந்த ஹெடர் இல்லாததுபோல மேலே போகிறது. உடலின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரும் இல்லை. உடல் இல்லாத கோரிக்கை என்று முடிவு செய்கிறது. வெற்று போஸ்ட் என்றால் 'இயங்கிக்கொண்டிருக்கிறேன்'. எனவே 204 பதில். அளவியைப் பொறுத்தவரை அனுப்பியது சேர்ந்துவிட்டது; அது தன் நினைவிலிருந்து அளவீடுகளை அழித்துவிடுகிறது. எச்சரிக்கை அமைப்பைப் பொறுத்தவரை அளவி நலம்.

ஆனால் உடலின் பைட்டுகள் இணைப்பிலேயே கிடக்கின்றன. சர்வர் அவற்றை அடுத்த கோரிக்கையாக நினைத்துப் படிக்கத் தொடங்குகிறது. முதல் வரி: 200. இப்படி ஒரு முறை கிடையாது என்பதால் 400 என்று பதில் எழுதிவிட்டு இணைப்பை மூடுகிறது. அந்தச் சில மில்லிவினாடிகளுக்குள் ப்ராக்ஸி அதே இணைப்பில் வேறொரு அளவியின் கோரிக்கையை அனுப்பியிருந்தால், அந்த 400 அதற்கான பதிலாகப் போய்ச் சேரும். அனுப்பவில்லை என்றால், இணைப்பு மூடப்பட்டதை ப்ராக்ஸி கவனித்துப் புதியதைத் திறந்துகொள்ளும். யாருக்கும் எதுவும் தெரியாது. போக்குவரத்து அதிகமான நேரத்தில் மட்டும் பிழை கூடியது இதனால்தான். ஒரு தொடர்பும் இல்லாத பழைய அளவிகள் அடிவாங்கியதும் இதனால்தான்.

இரண்டு டிக்கெட்டுகளும் அன்று மாலை ஒன்றாக்கப்பட்டன.

தரநிலை என்ன சொல்கிறது

உடனே எழுந்த கேள்வி: தவறு யாருடையது? குழுவில் பெரும்பாலோர் ஃபர்ம்வேரைக் குறைசொன்னார்கள். தரநிலையின் இலக்கணத்தில் அந்தச் சொல் சிறிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள் இருக்கிறது, எங்கள் கோடும் (நிரலும்) அப்படியே எழுதப்பட்டிருக்கிறது, பிறகு என்ன? பழைய கோடில் ஒரு கருத்துரை இருந்தது. எச்டிடிபி 1.1க்காக 2014இல் வந்த ஆர்எஃப்சி 7230இன் (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலைகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவண வரிசை) இலக்கண வரியை அப்படியே மேலே ஒட்டி, கீழே அதைப் பின்பற்றி எழுதியிருந்தார் எழுதியவர். கவனமான மனிதர் என்பது தெரிந்தது.

அவர் தவறவிட்டது இலக்கணத்தின் இலக்கணத்தை. அந்த வரி ஏபிஎன்எஃப் என்ற குறியீட்டு முறையில் எழுதப்பட்டது. ஏபிஎன்எஃப்பை வரையறுப்பது 2008இன் ஆர்எஃப்சி 5234. அதன்படி, மேற்கோள் குறிக்குள் வரும் சொல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டையும் ஏற்கும். நிரல்மொழிகளில் மேற்கோளுக்குள் இருப்பது அப்படியே இருப்பது, இங்கே அப்படியல்ல. நிரல் எழுதிப் பழகிய கண் அதைத் தவறாகவே படிக்கும்.

அப்படியானால் வேறுபாடு பார்க்க வேண்டிய சொற்களை ஏபிஎன்எஃப்பில் எப்படி எழுதுவது? முன்பு ஒரே வழிதான்: பைட் எண்களாக எழுதுவது. அதே ஆர்எஃப்சி 7230 நெறிமுறையின் பெயரை 48, 54, 54, 50 என்று பதினாறடிமான எண்களாக எழுதியிருக்கிறது. அவை பெரிய எழுத்தில் எச், டி, டி, பி. ஒரே ஆவணத்தில் ஒரு சொல் மேற்கோளில், இன்னொரு சொல் எண்களில். எண்களாக எழுதியது அலங்காரத்துக்கு அல்ல என்று நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். 2014 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 7405 இதற்கு ஒரு முன்னொட்டைக் கொடுத்தது. அது சேர்ந்தால் மேற்கோளுக்குள் இருப்பது அப்படியே பொருந்த வேண்டும்.

இலக்கணத்தை விட்டாலும், உரைநடையிலேயே ஆர்எஃப்சி 7230 சொல்கிறது, அதன் இடத்தில் 2022இல் வந்த ஆர்எஃப்சி 9112உம் சொல்கிறது: டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் பெயர்கள் எல்லாவற்றிலும் பெரிய–சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கக் கூடாது. சர்ச்சைக்கு இடமே இல்லை. ஆனாலும் ஒருவர் ஒரு வாதம் வைத்தார்: அந்த வாக்கியத்தில் 'கட்டாயம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் இல்லையே, அறிவுரையாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

வாதம் பொருளோடு விந்தையாகப் பொருந்தியிருந்தது. தரநிலைகளில் 'கட்டாயம்', 'வேண்டும்', 'செய்யலாம்' போன்ற சொற்களின் சிறப்புப் பொருளை 1997இன் ஆர்எஃப்சி 2119 வரையறுத்தது. முழுக்கப் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017இன் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. ஆனால் அதே ஆவணம் இன்னொன்றையும் சொல்கிறது: கட்டுப்படுத்தும் வாசகத்துக்கு இந்தச் சொற்கள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு வரையறை வரையறையாக எழுதப்பட்டாலே கட்டுப்படுத்தும். வாதம் அத்துடன் முடிந்தது.

தவறு எங்களுடையது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. சொல்லைத் தவறாக ஒப்பிட்டது முதலாவது. புரியாத மதிப்பு வந்தபோது பேசாமல் மேலே போனது இரண்டாவது; என் பார்வையில் இதுதான் பெரியது. டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் இருக்கிறது, ஆனால் கடைசிக் குறிமுறை சங்க்ட் இல்லை என்றால், கோரிக்கை எங்கே முடிகிறது என்று நம்பகமாகச் சொல்ல முடியாது. சர்வர் 400 சொல்லி இணைப்பை மூட வேண்டும் என்கிறது தரநிலை. அதைச் செய்திருந்தால் புதிய ஃபர்ம்வேர் ஏறிய முதல் நிமிடமே, சரியான அளவியின் பெயரில், சத்தமாகப் பிழை வந்திருக்கும். ஓர் அளவீடுகூட அழிந்திருக்காது.

முதல் திருத்தமும் அது உடைத்ததும்

அன்று மாலையே ஒரு திருத்தம் எழுதப்பட்டது: ஹெடர்கள் உள்ளே வந்தவுடன் எல்லா மதிப்புகளையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுவது. ஒரே வரி. டெஸ்ட் சூழலில் எல்லாம் தேர்ச்சி. வெளியிட்டோம்.

சில நிமிடங்களுக்குள் எல்லா அளவிகளுக்கும் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வரத் தொடங்கியது. அளவிகள் பேசிக் முறையில் தங்களை அடையாளப்படுத்துகின்றன. ஆதரைசேஷன் ஹெடரில் 'பேசிக்' என்ற முறைப்பெயருக்கு எழுத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அதற்கு அடுத்து வரும், பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் பேஸ்64 சரத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு மதிப்புகள். ஒரே ஹெடர், ஒரே வரி, நடுவில் ஓர் இடைவெளி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி. நாங்கள் இரண்டையும் சேர்த்துத் தட்டையாக்கிவிட்டோம். டெஸ்ட் சூழலில் அடையாளச் சோதனை அணைக்கப்பட்டிருந்ததால் அங்கே தெரியவில்லை.

திருத்தத்தைத் திரும்பப் பெற்றோம். பிறகு நிதானமாகப் பார்த்தபோது அது இன்னும் எதையெல்லாம் கெடுத்திருக்கும் என்று தெரிந்தது. உடல் எந்த வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரில் மல்டிபார்ட் என்ற வகைப்பெயருக்கு எழுத்து வேறுபாடு இல்லை; பவுண்டரி என்ற அளவுருவின் பெயருக்கும் இல்லை; அந்த அளவுருவின் மதிப்புக்கு உண்டு. மதிப்பைச் சிறிதாக்கினால் உடலில் உள்ள எல்லைக் கோட்டோடு பொருந்தாது. ஆனால் அதே ஹெடரில் கேரக்டர்செட் அளவுருவின் மதிப்புக்கு வேறுபாடு கிடையாது. தரவின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் மதிப்பும் அப்படியே வைக்க வேண்டியது.

திரும்பப் பெற்ற பிறகு, தற்காலிகமாக ப்ராக்ஸியின் அமைப்பை மாற்றினோம். உடலை முழுதாக வாங்கிச் சேர்த்துவைத்து, நீளத்தைக் கணக்கிட்டு, கன்டென்ட்-லெங்த்துடன் சர்வருக்கு அனுப்பும்படி. ப்ராக்ஸி அந்தச் சொல்லை எப்படி எழுதினாலும் சரியாகவே புரிந்துகொண்டது; துண்டு வடிவம் சர்வரை எட்டவே இல்லை. இரண்டு அறிகுறிகளும் உடனே நின்றன. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். கோடைத் தொடாமல், திரும்பப் பெற எளிதாக, இரத்தப்போக்கை நிறுத்தியிருக்கும்.

இரண்டாவது திருத்தம்

இந்த முறை ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். எங்கள் சர்வர் படிக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் தரநிலையில் எந்தப் பகுதியில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து ஓர் அட்டவணை எழுதினோம். ஹெடர் பெயர், கனெக்‌ஷன் மதிப்புகள், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங், கன்டென்ட்-என்கோடிங், கேஷ்-கன்ட்ரோல் கட்டளைகள் எல்லாம் வேறுபாடு பாராதவை. நெறிமுறையின் பெயர், முறைப்பெயர், முகவரியில் சர்வர் பெயருக்குப் பிறகு வரும் பாதை இவை வேறுபாடு பார்ப்பவை.

முறைப்பெயர் என்ற வரிக்கு வந்தபோது எங்கள் கோடில் இன்னொரு ஓட்டை கிடைத்தது. சங்க்ட் என்ற சொல்லில் கறாராக இருந்த அதே கோடு, முறைப்பெயரைத் தாராளமாகச் சிறிய எழுத்துக்கு மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. தரநிலைப்படி கெட், டெலீட் போன்ற முறைகள் பெரிய எழுத்தில் எழுதியபடியே பொருந்த வேண்டும். எங்கள் ப்ராக்ஸியில் டெலீட் முறையை வெளியிலிருந்து தடுக்கும் ஒரு விதி இருந்தது. அது பெரிய எழுத்து டெலீட்டை மட்டும் தடுத்தது, தரநிலைப்படி சரியாகவே. சிறிய எழுத்தில் அனுப்பினால் அது ப்ராக்ஸிக்கு அறியாத முறை, கடந்து போய்விடும். எங்கள் சர்வர் அதை டெலீட் என்று ஏற்றுக்கொள்ளும். சோதித்துப் பார்த்தோம். ஏற்றுக்கொண்டது. பழைய லாக்குகளில் யாரும் அதைப் பயன்படுத்திய தடம் இல்லை என்பதை ப்ராக்ஸியின் பதிவுகளைக் கொண்டு உறுதிசெய்தோம். அவை எழுத்தை மாற்றாமல் சேமித்தவை.

அடுத்து, 'வேறுபாடு பாராமல் ஒப்பிடுவது' என்றால் சரியாக என்ன? மொழி தரும் சிறிய எழுத்தாக்கும் செயற்கூறை அழைத்தால் போதும் என்றே முதலில் எழுதினோம். மதிப்பாய்வு செய்தவர் இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் திருப்பி அனுப்பினார். துருக்கிய மொழி அமைப்பில் ஓடும் இயந்திரத்தில் பெரிய 'ஐ' சிறியதாகும்போது புள்ளியில்லாத எழுத்தாகிறது, யூனிகோடில் 305ஆம் எண். பெரிய எழுத்தில் வந்த 'ஜிஜிப்' என்ற குறிமுறைப் பெயர் அங்கே சிறியதானதும் வேறு சொல்லாகிவிடும். இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. கெல்வின் அலகுக்கான குறி யூனிகோடில் தனி எழுத்து, எண் 8490. அதைச் சிறிய எழுத்தாக்கினால் சாதாரண 'கே' கிடைக்கிறது. சங்க்ட் என்ற சொல்லில் ஒரு 'கே' இருக்கிறது. ஒருவர் அந்த இடத்தில் கெல்வின் குறியை வைத்து அனுப்பினால், ப்ராக்ஸி அதை சங்க்ட் என்று ஏற்காது, நாங்கள் ஏற்போம். கோரிக்கை எங்கே முடிகிறது என்பதில் ப்ராக்ஸியும் சர்வரும் மீண்டும் வேறுபடும். இந்த முறை எதிர்த்திசையில். இதையே வேண்டுமென்று செய்து ஒருவர் கோரிக்கைக்குள் இன்னொருவர் கோரிக்கையை நுழைப்பதுதான் கோரிக்கைக் கடத்தல் என்ற தாக்குதல். 2011இல் வந்த வெப்சாக்கெட் தரநிலை, ஆர்எஃப்சி 6455, 'ஆஸ்கி எழுத்து வேறுபாடு பாராமல்' என்று ஆஸ்கியைச் சேர்த்தே எழுதியிருப்பது வீணான சொல் அல்ல.

ஆகவே எங்கள் ஒப்பீட்டைக் கையால் எழுதினோம்: பைட் 65 முதல் 90 வரை இருந்தால் 32ஐக் கூட்டு, மற்றதைத் தொடாதே. எல்லா பைட்டுகளிலும் அந்த 32க்கான பிட்டை ஏற்றிவிடும் குறுக்குவழியையும் ஒருவர் பரிந்துரைத்தார். அப்படிச் செய்தால் 94ஆம் குறியும் 126ஆம் குறியும் ஒன்றாகிவிடும். இரண்டுமே எச்டிடிபி சொற்களில் வர அனுமதி உள்ளவை. விட்டுவிட்டோம்.

புரியாத டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் வந்தால் பதில் தந்துவிட்டு இணைப்பை மூடும்படி மாற்றினோம். டெஸ்ட் தொகுப்பில் ஒவ்வொரு குறிச்சொல்லும் முழுச் சிறியது, முழுப் பெரியது, முதலெழுத்து மட்டும் பெரியது, கலந்தது என்று நான்கு உருவில் சேர்ந்தது. வேறுபாடு பார்க்க வேண்டியவற்றுக்கு மறுதலைச் சோதனையும் சேர்ந்தது: சிறிய எழுத்து கெட் மறுக்கப்பட வேண்டும். இந்த மறுதலைச் சோதனைகள் இல்லாமல் போயிருந்தால் முறைப்பெயர் ஓட்டை எதிர்காலத்தில் யாராவது 'உதவியாக' மீண்டும் திறந்துவிடக்கூடும்.

தயாரிப்பாளர்களுடன்

பைட் வேறுபாடு தெரிந்ததுமே அவர்களுக்கு நாங்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தோம், தரநிலையை மீறுகிறீர்கள் என்று. தரநிலையைப் படித்த பிறகு அதைத் திரும்பப் பெற்று, தவறு எங்களுடையது என்று எழுதினோம். அவர்கள் எரிச்சல்படாமல் விளக்கம் சொன்னார்கள்: ஃபர்ம்வேரில் லைப்ரரியை மாற்றியபோது அந்தச் சொல்லின் உருவம் மாறியிருக்கிறது, அவர்களுமே கவனிக்கவில்லை. அடுத்த வெளியீட்டில் தரநிலைப் பெயர்களின் பதிவேட்டில் உள்ள உருவமான சிறிய எழுத்துக்கே மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் எங்களைப்போல் தவறாக எழுதிய சர்வர்கள் வேறெங்கும் இருக்கலாம், எல்லாமே எங்கள் அளவுக்கு விரைவில் கண்டுபிடிக்கப்படும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

விளைவு

புதிய கோடு வெளியான பின் ப்ராக்ஸியின் தற்காலிக அமைப்பை எடுத்தோம். 400 பிழைகள் திரும்பவில்லை. லாக் சேகரிப்பு இப்போது ஹெடர் மதிப்புகளை வந்தபடியே வைக்கிறது. தேடலுக்கு வேண்டிய சிறிய எழுத்து நகல் தனியாக இருக்கிறது. வெற்று போஸ்ட்டை 'இயங்குகிறேன்' என்று எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, அதற்கென ஒரு தனிப் பாதை வைத்தோம். இயங்குகிறது ஆனால் அளவீடு வரவில்லை என்ற நிலைக்குத் தனி எச்சரிக்கை உண்டு.

அளவீடுகளை மீட்க முடியவில்லை. அளவிகள் வெற்றிப் பதிலை நம்பி அவற்றை அழித்துவிட்டன. அளவியின் திரையில் ஒவ்வொரு நாளின் மிக உயர்ந்த, மிகக் குறைந்த வெப்பநிலை மட்டும் சில நாட்களுக்கு இருக்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லித் தெரிந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து அந்த எண்களை உடனே குறித்துக்கொள்ளச் சொன்னோம். பெரும்பாலானோர் நேரத்தில் குறித்தார்கள். இரண்டு அறைகளில் அதற்குள் அழிந்துவிட்டது; அங்கிருந்த மருந்துகளை என்ன செய்வது என்ற முடிவை அவர்கள் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அந்த அழைப்புகளை நான்தான் செய்தேன்.

இனி

எச்டிடிபி 2க்கு மாறும் பேச்சு இருக்கிறது. அங்கே விதிகள் வேறு: ஹெடர் பெயர்கள் சிறிய எழுத்தில்தான் வர வேண்டும், பெரிய எழுத்து வந்தால் செய்தியே சிதைந்தது என்று ஆர்எஃப்சி 9113 சொல்கிறது. துண்டு வடிவம் அங்கே இல்லவே இல்லை. மதிப்புகளுக்கான விதிகள் பழையபடியே. எங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோம். பாதி நிரம்பியிருக்கிறது; ஒவ்வொரு வரியையும் தரநிலையின் பகுதி எண்ணுடன் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பமிட்ட பிறகுதான் கோடு எழுதத் தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.